சூட்டில் பட்டு

1. கல்முனையில் தொழில் புரியும் சட்டத்தரணி ஆதம்பாவா அப்துல் கபூர் ஆகிய நான், கீழ்வரும் ஒன்பது கடிதங்களுள் ஐந்தை எழுதியவன்.

2. மூன்றை எழுதியவர் என் தங்கை முனவ்வறாவின் கணவரும், ஆதலால் எனக்கு மச்சானுமாகிய கச்சிமுகம்மது ஜுனைட். வளைகுடா நாடொன்றில் விமானத் திருத்தகத்தில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டு வளவில் இரண்டு ஆசனமுள்ள சிறு விமானமொன்றைத் தன் கையாலேயே கட்டினார். பரீட்சார்த்தமாகப் பறப்பதற்கு நிபந்தனைகளுடன் கூடிய எழுத்து மூல அனுமதியும் பெற்றார். எஞ்சிய ஒரு கடிதம் முனவ்வறாவுடையது. அது எனக்கு எழுதப்பட்டதன்று, பின்னர் காட்டப்பட்டது; அதில் காக்கா என வருவது அவளுடைய தமையனாகிய நான்.

3. அவ்விமானம் 2022 ஆகஸ்ட் 13ஆந் திகதி, இயந்திரம் நின்றுபோனதால், சொறிக்கல்முனை வயல்வெளியில் இறங்கியது. அதையொட்டி எழுந்த வழக்கில் நான் எவர் சார்பிலும் தோன்றவில்லை.

4. கடிதங்கள் எழுதப்பட்டபடியே இங்கு வைக்கப்படுகின்றன. பதில் வராத இடங்களை நான் நிரப்பவில்லை.

*

கல்முனை
26.08.2022

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காலுக்குத் தகடு வைத்த சத்திரசிகிச்சை நலமாக முடிந்ததென உங்கள் மகள் ஸப்னா அறிவித்தாள். அல்ஹம்துலில்லாஹ். கொழும்புச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே முனவ்வறா சுகம். உணவில் குறைவில்லை; பேச்சில் சற்றுக் குறைவு.

உங்கள் கைத்தொலைபேசி பொலிஸாரிடம் இருக்கிறது. வழக்கோடு தொடர்புடைய ஒன்றைப் பிள்ளையின் தொலைபேசியில் கதைப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் கொழும்புக்கு மாற்றப்பட்ட பின் நடந்தது இது. பாண்டிருப்பைச் சேர்ந்த கதிர்காமன் என்பவர் இம்மாதம் 20ஆந் திகதி கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ளார். நீங்கள் இறங்கிய வயலைக் குத்தகைக்குச் செய்பவர் அவர்தான். கவிழ்ந்த விமானத்திலிருந்து உங்களை வெளியே எடுத்து வீதிவரை தூக்கி வந்தவரும் அவர்தான். உங்கள் விமானத்தின் மீது துவக்கால் சுட்டார் என்பது அவர் மீதான சந்தேகம்.

சந்தேகத்துக்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. அவருடைய வயல் வாடியில், யானைக் காவலுக்கென உரிமம் பெற்ற துவக்கு இருந்தது. அடுத்த வயல் வட்டையில் நின்ற இருவர், விமானம் இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வெடிச் சத்தம் கேட்டார்கள். மூன்றாவது, வைத்தியசாலைக் கட்டிலில் நீங்கள் அளித்த வாக்குமூலம்.

நீங்கள் தமிழில் சொன்னீர்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. எழுதிய பொலிஸ் அதிகாரி வேறு மாகாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழைப் பாடமாகப் படித்தவர். அவர் எழுதியதன் பொருள்: "இயந்திரம் நின்றது. துப்பாக்கிச் சூடு பட்டு விமானம் விழுந்தது." பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் நீங்கள் சொன்ன சொற்களையே விசாரித்தேன். அவர் காதில் விழுந்தது: "இஞ்சின் நிண்டுட்டு. சூட்டுல பட்டுத்தான் விழுந்த."

வெட்டிய கதிரைக் கட்டி வயலில் அடுக்கி வைக்கும் குவியலை நமது பகுதியில் சூடு என்கிறோம். செய்தித்தாள் தமிழில் துப்பாக்கியால் சுடுவதும் சூடு. நீங்கள் குறித்தது எதனை என்பதை உங்களைத் தவிர வேறெவரும் சத்தியம் செய்து கூற முடியாது. விடை எதுவாயிருக்க வேண்டுமென நான் சொல்லமாட்டேன். சாட்சிக்குச் சொல் எடுத்துக் கொடுப்பது முறையன்று. விடையை மாத்திரம் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பூரண சுகத்துக்குத் துஆவுடன்,
அப்துல் கபூர்

*

தெஹிவளை
05.09.2022

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. வலி குறைந்திருக்கிறது. வைத்தியசாலையில் இருந்தவரை தாதிமார் என்னை "வானத்தால விழுந்த அங்கிள்" என்றுதான் அழைத்தார்கள். விழவில்லை, இறங்கினேன் என்று ஒவ்வொரு முறையும் திருத்தினேன். ஸப்னா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். உங்கள் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ளதா?

நடந்ததை ஒருவராவது சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தரவைப் புல்வெளியிலிருந்து எழும்பிக் கடற்கரையோடு போய், காற்றுக்கு ஏற்பத் திரும்பி உள்ளே வந்தேன். அனுமதியில் குறித்த எல்லைக்குள்தான் இருந்தேன். இயந்திரம் நின்றது. விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சல் மாத்திரம் கேட்டது. அந்த நேரத்தில் புதியவர்கள் விமானத்தின் மூக்கை மேலே தூக்குவார்கள். தூக்கினால் வேகம் போகும், வேகம் போனால் கல்லைப் போல் விழும். நான் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தேன். இடது புறம் தென்னைகள். நேரே மின்கம்பிகள். வலது புறம் வெட்டி முடிந்த வயல் மஞ்சளாகத் தெரிந்தது. நீள வரம்புக்குச் சமாந்தரமாகத் திருப்பி எடுத்தேன். சக்கரங்கள் கதிர் வெட்டி எஞ்சிய ஒட்டுத் தாளில் பட்டபோது மெத்தையில் பட்டதுபோல் இருந்தது. மச்சான், வளைகுடாவில் என்னோடிருந்த விமானிகள் அதைக் கண்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவ்வளவு அழகாக ஓடியது. அதன் பின்தான் வலது இறக்கை...

அதற்குப் பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள்.

விமானத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? மழை படாமல் மூடியிருக்கிறதா? இயந்திர மூடியின் மீது ஒட்டிய முத்திரை அப்படியே உள்ளதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே எவரும் கைவைக்காமலிருப்பது நல்லது.

வஸ்ஸலாம்.
ஜுனைட்

*

கல்முனை
12.09.2022

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். வலி குறைந்தது கேட்டு மகிழ்ச்சி. என் சீனி கட்டுப்பாட்டில் உள்ளது. முனவ்வறா அனுப்பும் வட்டிலப்பத்தை மறுக்கும் கட்டுப்பாடு மாத்திரம் இன்னும் வரவில்லை.

விமானம் பொலிஸ் நிலைய வளவில், தறப்பாள் போட்டு மூடப்பட்டுள்ளது. முத்திரை உடையவில்லை.

உங்கள் கடிதம் வலது இறக்கையோடு நின்றுவிட்டது. நான் கேட்டிருந்த ஒரே கேள்வி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தபாலில் ஒரு தாள் தவறியிருக்குமோ எனக் கடித உறையை இருமுறை பார்த்தேன்.

கதிர்காமனின் மனைவி சின்னத்தங்கம் என் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவர்கள் தரப்புச் சட்டத்தரணி அல்லன், முறைப்பாட்டாளரின் உறவினன், ஆகவே ஆலோசனை கூற இயலாது என்று முதலிலேயே தெரிவித்தேன்.

"ஆலோசன கேக்க வரல்ல ஐயா, ஒரு சொல்லு கேக்கத்தான் வந்த" என்றார். "சூட்டுல பட்டா சூட்டுல பட்டெண்டுதானே சொல்லுவாங்க. இதில என்ன புதினம்?"

"துவக்கால் சுடுவதையும் சூடு என்பார்கள்."

"ஆர் சொல்ற? அது வெடியெல்லோ! சண்டைக் காலத்தில எங்கட பக்கத்தில எத்தின பேருக்கு வெடி பட்ட. ஒருத்தருக்கும் சூடு படல்ல ஐயா. ரேடியோவிலதான் சூடு படும்."

என் எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கட மச்சான்ட வாயில கிடக்கிற அந்த ஒரு சொல்லுத்தான் ஐயா எங்கட மனிசனை உள்ளுக்க வெச்சிருக்கு. அதை எடுத்துத் தரச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

சந்தைக்குள் இரண்டு வாசகங்கள் உலவுகின்றன. தமிழன் ஒருவன் முஸ்லிமின் பிளேனைச் சுட்டு விழுத்தினான் என்பது ஒன்று. முஸ்லிம் ஒருவன் தன் பிளேன் பழுதானதற்குத் தமிழனை உள்ளே போட்டான் என்பது மற்றையது. இரண்டுக்கும் வாங்குவோர் இருக்கிறார்கள். நீண்ட காலம் அவ்வாறு விற்பனையாவது ஊருக்கு நல்லதன்று.

இவ்வளவே. ஊன்றுகோலின்றி நடக்க அவசரப்பட வேண்டாம்.

அப்துல் கபூர்

*

தெஹிவளை
27.09.2022

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக. நான் தேறி வருகிறேன். முழங்காலை மடக்கப் பழக்குகிறார்கள். பழைய கதவின் பிணைச்சலைப் போல் சத்தம் போடுகிறது.

அனுமதி தந்த திணைக்களத்தின் அதிகாரிகள் இருவர் ஸப்னாவின் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். அவர்கள் சொன்னதன் சுருக்கம் இது: இயந்திரம் தன் குறையால் நின்றதென முடிவானால் என் அனுமதி இரத்தாகும், கட்டியவனுக்கு மீண்டும் கிடைப்பது அரிது. வெளிக்காரணம் ஒன்றால் நின்றதாயின், திருத்திக் கட்டி மீண்டும் பறக்கலாம். அவர்களிடம் நான் எதையும் கூறவில்லை. என் வாக்குமூலம் பதிவில் உள்ளது என்றேன். அது பொய்யன்று.

நீங்கள் கேட்ட விடயம். நான் சொன்னதைச் சொன்னேன், எழுதியவர் எழுதினார். சிங்களத்தில் வாசித்துக் காட்டிய வேளை எனக்கு மயக்க ஊசி போட்டிருந்தார்கள். என்ன சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பது இப்போது தெளிவாக இல்லை. தெளிவில்லாததைச் சத்தியம் செய்து கூறாதே என்று எனக்குப் படிப்பித்தவர் நீங்கள்தான். அவ்விடத்தில் நெற்சூடு இருந்ததா இல்லையா என்பதை நேரில் போய்ப் பார்த்தால் தெரியும்தானே.

அந்த விமானத்துக்காக நான் எத்தனை வருடங்கள் உழைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

வஸ்ஸலாம்.
ஜுனைட்

*

கல்முனை
03.10.2022

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். முழங்காலின் சத்தம் போகப் போகக் குறையும் என்று இங்குள்ள வைத்தியர் கூறுகிறார்.

நீங்கள் சொன்னவாறு நேரில் போய்ப் பார்த்தேன். சூடு இல்லை. அதற்கான காரணம் வருமாறு. இப்போதெல்லாம் வயலை மெசின்தான் வெட்டுகிறது. இப்போகம் டீசல் கிடைக்காததால் பலர் பழையபடி கையால் வெட்டிச் சூடு வைத்தார்கள். கதிர்காமனும் அவ்வாறே வைத்தார். நீங்கள் கொழும்பு சென்ற அதே கிழமையில் அவருக்கு டீசல் கிடைத்தது. கிடைத்த அன்றே சூட்டைப் பிரித்து அடித்து மூடை கட்டினார். இரண்டு நாளில் கைதானார். விபத்தன்று வந்த பொலிஸார் சூட்டைக் கண்டார்கள், ஆனால் எழுதவில்லை. அறுவடைக் காலத்து வயலில் சூடு இருப்பதை எவரும் எழுதுவதில்லை. பின்னர் வந்தவர்கள் எழுதுவதற்குத் தயாராக வந்தார்கள். அப்போது சூடு இல்லை.

அவர் மனைவியும் அயலவரும் அங்கே சூடு இருந்தது என்றுதான் சொல்கிறார்கள். சந்தேகநபரின் ஆட்கள் அவ்வாறுதான் சொல்வார்கள் என்பது மறுதரப்பின் பதில். விமானத்தில் துவக்குச் சன்னம் பட்டதா என்று கூறவேண்டிய அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை எப்போது வரும் என்பதை எவராலும் கூற முடியவில்லை. அதுவரை பிணை கிடைப்பது கடினம். விளக்கமறியல் மீண்டும் நீடிக்கப்பட்டது.

மயக்க ஊசி பற்றி: வாக்குமூலம் பதியப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே ஊசி போடப்பட்டதாக வைத்தியசாலைப் பதிவு கூறுகிறது. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. உங்கள் ஞாபகத்துக்கு உதவியாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். மாரிப் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் திகதியை விரைவில் தீர்மானிப்பார்கள். அத்திகதிக்குள் குத்தகைக்காரர் வயலில் நிற்காவிட்டால் காணிக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அவரைக் குறைகூற முடியாது. காணி தரிசாகக் கிடக்க எவரும் சம்மதிப்பதில்லை. கதிர்காமனுக்கு வேறு காணி இல்லை.

சத்தியக் கடதாசி ஒன்றின் வரைவை இத்துடன் வைத்துள்ளேன். உங்கள் பெயரும் திகதியும் எழுதியிருக்கிறேன். "சூடு என்ற சொல்லால் நான் குறித்தது" என்பதற்குப் பின் வெற்றிடம் விட்டுள்ளேன். அதில் நான் ஓர் எழுத்தும் எழுதமாட்டேன்.

அப்துல் கபூர்

*

கல்முனை
25.10.2022

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். சுகமாயிருப்பீர்களென நம்புகிறேன். என் கடந்த கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது, கையொப்பமிட்டுப் பெற்றிருக்கிறீர்கள்.

நேற்றுத் தீபாவளி. பாண்டிருப்பு வழியாக வந்தபோது வீதியில் சின்னத்தங்கத்தைக் கண்டேன். இம்முறை வீட்டில் பலகாரம் சுடவில்லை என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

விதைப்புக் கூட்டம் நடந்து முடிந்தது. நவம்பர் நடுப்பகுதியில் தண்ணீர் திறப்பார்கள். காணிக்காரர் அதுவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மௌனத்துக்கு நான் பொருள் கூறமாட்டேன். மற்றவர்கள் கூறுவார்கள்.

அப்துல் கபூர்

*

(திகதி இடப்படவில்லை, தபால் முத்திரை 29.10.2022)

ஸப்னாட வாப்பாவுக்கு ஸலாம்.

கால் எப்பிடி? ஊண்டுகோல வெச்சிட்டு நடக்கிறீங்களாம், ஸப்னா சொன்னா. நல்லம். நடக்க ஏலுமெண்டா எழுதவும் ஏலும்.

நான் பாண்டிருப்புக்குப் போன. காக்காக்குத் தெரியா. தெரிஞ்சா அதுக்கொரு சட்டம் சொல்லுவாரு. சின்னத்தங்கம் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. ஏசுவா எண்டுதான் நினச்சன், ஏசல்ல. "உங்கட மனிசனைத் தூக்கிவந்து இவருக்குத் தோள் புடிச்சிட்டு, ரெண்டு நாள் எண்ண தேச்சன்" எண்டா. "அவரு பாரந்தான், எனக்குத் தெரியும்" எண்டன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திட்டு. 

ஊரே பெற்றோலுக்கு வரிசையில நிண்டுச்சு. நீங்க வானத்தில நிண்டீங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. சேர்த்து வெச்ச பெற்றோல் கான எல்லாம் அதுக்குள்ள ஊத்தினீங்க. அதுக்கும் சொல்லல்ல. நீங்க பறக்கக்குள்ள முத்தத்தில நிண்டு பாத்தது நான்தான். சந்தோசமாத்தான் பாத்தன். பொய் சொல்லப்படா.

அந்தப் பெற்றோல் குழாய நீங்க வெட்டிக் குறுக்கி, சைலன்சரோட ஒட்டினாப்போல எடுக்கக்குள்ள டோச் லைட் புடிச்சதும் நான்தான். "சுடுமே" எண்டு கேட்டன். "நீ டோச்ச நேராப் புடி" எண்டீங்க. நேராத்தான் புடிச்சன்.

அதப் பத்தி நான் காக்காட்ட ஒரு சொல்லும் கதைக்கல்ல. நீங்க கதைப்பீங்க எண்டு இரிக்கன்.

மருந்த நேரத்துக்கு எடுங்க. ஸப்னாவுக்கும் புள்ளைக்கும் ஸலாம்.

முனவ்வறா

*

தெஹிவளை
07.11.2022

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். தாமதத்துக்குக் காரணம் எதுவும் எழுதப்போவதில்லை. நீங்கள் அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்.

நீங்கள் விட்ட வெற்றிடத்தை நிரப்பினேன். இடம் போதவில்லை, தாளின் மறுபக்கத்திலும் எழுதினேன். உங்கள் வரைவில் நீங்கள் கேட்காத விடயமும் அதில் உண்டு. இயந்திர மூடியைத் திறந்து, பெற்றோல் குழாய் போகும் வழியைப் பார்க்கும்படி திணைக்கள அதிகாரிகளுக்கும் இன்று எழுதிவிட்டேன். முத்திரை இன்னும் உடையாதிருந்தால் அவர்களே உடைக்கட்டும்.

தாளைத் தபாலில் அனுப்பமாட்டேன். வந்து, சமாதான நீதவான் முன்னிலையில் வாயால் சொல்லி ஒப்பமிடுவேன். கால் இன்னும் ஆறவில்லை என்று ஸப்னா மறிக்கிறாள். பஸ்ஸில் இரண்டு ஆசனம் பதிவு செய்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று காலுக்கு.

ஒரு கேள்வி. கதிர்காமனை நான் போய்ப் பார்க்கலாமா?

வஸ்ஸலாம்.
ஜுனைட்

*

கல்முனை
15.12.2022

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கொழும்பு திரும்பிய பின் கால் வீங்கியதாக அறிந்து கவலையடைந்தோம். பஸ் பயணம் அதற்குக் காரணமாயிருக்கலாம். முனவ்வறா வேறு காரணம் கூறவில்லை. இப்போதெல்லாம் வழமைபோல் கதைக்கிறாள்.

நீங்கள் கதிர்காமனைப் பார்க்கக் கேட்டபோது, சாட்சி சந்தேகநபரைச் சந்திப்பது கூடாது என்று மறுத்தேன். இப்போது அந்தத் தடை இல்லை. உங்கள் சத்தியக் கடதாசி சமர்ப்பிக்கப்பட்ட அன்றே அவருக்குப் பிணை கிடைத்தது. பகுப்பாய்வாளரின் அறிக்கையும் இம்மாதம் வந்தது. சன்னம் பட்ட அடையாளம் எதுவும் இல்லை. நேற்று வழக்கிலிருந்து முற்றாக விடுவிக்கப்பட்டார். தண்ணீர் திறந்த பின்னர்தான் அவர் வயலில் இறங்கினார்; பிணைச் செய்தி கேட்டுக் காணிக்காரர் பொறுத்திருந்தார். குறுகிய கால நெல் விதைத்திருக்கிறார். மற்றைய வயல்கள் முழங்காலளவு நிற்க, அவருடையது இப்போதுதான் பச்சை பிடிக்கிறது. ஆனால் அவருடையதாகவே நிற்கிறது.

உங்கள் அனுமதி இரத்துச் செய்யப்பட்ட கடிதம் இங்குள்ள விலாசத்துக்கு வந்தது. இத்துடன் வைத்துள்ளேன். மேன்முறையீட்டுக்குக் காலம் உண்டு, காரணம் இல்லை.

விமானம் விடுவிக்கப்பட்டது. அதை ஏற்றிவர ஒரு வாகனம் தேடினேன். கதிர்காமன் தன் உழவு இயந்திரத்தின் பெட்டியுடன் வந்து நின்றார். நான் சொல்லியனுப்பவில்லை. முனவ்வறாவிடம் விசாரித்தேன், அவள் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். இறக்கைகளைக் கழற்றி இரண்டு நடையில் உங்கள் வளவுக்குக் கொண்டுவந்தார்கள். வலது இறக்கையின் முன்விளிம்பில், கிழிந்த துணிக்குள், ஒரு பிடி வைக்கோல் செருகிக் கிடந்தது. நான்கு மாதங்கள் பொலிஸ் நிலைய வளவில், தறப்பாளின் கீழ், அது அங்கேயே இருந்திருக்கிறது. நானும் முத்திரையை மாத்திரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கதிர்காமன் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். "இது எங்கட சூட்டிர வைக்கல், ஐயா" என்று சொல்லி, வேலிக்கு அப்பால் நின்ற மாட்டுக்குப் போட்டார்.

தேநீர் குடித்தபோது உங்களுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். சொன்னபடியே எழுதுகிறேன்: "இனிப் பறக்கிறெண்டா சூடு வெக்கிற காலத்தில பறக்க வேணாமெண்டு சொல்லுங்க. இல்லாட்டி முதல்லயே சொல்லிட்டுப் பறக்கட்டும், தள்ளி வெப்பம்." இரத்துக் கடிதம் பற்றி அவருக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை.

உங்கள் சத்தியக் கடதாசியின் பிரதி ஒன்றைக் கேட்டிருந்தீர்கள். இதன் கீழ் இணைத்துள்ளேன். ஐந்தாம் பந்தி உங்களுக்கு எதிராகப் பயன்படலாம் என எச்சரித்தேன். ஆறாம் பந்தி சட்டத்துக்குத் தேவையற்றது என ஆலோசனை கூறினேன். இரண்டையும் நீக்க மறுத்தீர்கள். சின்னத்தங்கம் வழக்கில் நலனுடையவர் என்பதால் அவர் ஒப்பத்துக்கு மாத்திரமே சாட்சி என்பதையும் அன்றே விளக்கினேன். தகவலுக்காக: நீதவான் திறந்த மன்றில் வாசித்தது ஆறாம் பந்தியை மாத்திரமே.

அல்லாஹ் உங்கள் காலுக்குப் பழைய பலத்தைத் தருவானாக.

அப்துல் கபூர்

*

சத்தியக் கடதாசி

கல்முனையைச் சேர்ந்த கச்சிமுகம்மது ஜுனைட் ஆகிய நான், இஸ்லாமியன் என்ற வகையில், பயபக்தியுடனும் நேர்மையுடனும் உண்மையாகவும் வெளிப்படுத்தி உறுதி கூறுவதாவது:

1. மேற்கூறப்பட்ட வெளிப்படுத்துநர் நானே.

2. 2022 ஆகஸ்ட் 13ஆந் திகதி, நானே கட்டிய விமானத்தில், நான் மாத்திரம் பறந்தேன்.

3. இயந்திரம் நின்றது சூட்டினால், அதாவது வெப்பத்தினால். உரிய பெற்றோல் குழாய் நாட்டில் கிடைக்காததால், இருந்த குழாயை வெட்டிக் குறுக்கி, புகைக் குழாயோடு ஒட்டினாற்போல் எடுத்தேன். அது சுடும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி இயந்திரத்துக்குப் போகாமல் நின்றது. நிற்குமுன் இயந்திரம் ஒருமுறை வெடித்தது. அயலவர் கேட்ட வெடிச் சத்தம் அதுவே.

4. விமானத்தை வயலில் இறக்கினேன். அது ஓடுகையில் வலது இறக்கை சூட்டில் பட்டது. அதாவது வெட்டிய கதிரைக் கட்டி அடுக்கியிருந்த குவியலில் பட்டது. அதனால் கவிழ்ந்தது. "சூட்டில் பட்டு" என நான் கூறியது இதனையே. வேறு அர்த்தம் அச்சொல்லுக்கு அன்றும் எனக்கு இருக்கவில்லை.

5. துவக்குச் சூடு எதுவும் இருக்கவில்லை. என் சொல் தவறாக எழுதப்பட்டிருப்பதை என் மைத்துனரின் முதற் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அறிவேன். திருத்தாமல் இருந்தேன். அதற்கு மயக்க ஊசி காரணமன்று.

6. கவிழ்ந்த விமானத்திலிருந்து என்னை வெளியே எடுத்தவர் கதிர்காமன். அவர் கையில் துவக்கு இருந்ததா என என்னிடம் கேட்கப்பட்டது. இருக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளிலும் நான் இருந்தேன்.

மேற்கூறியவை வாசித்து விளங்கிக்கொள்ளப்பட்டு, 2022 நவம்பர் 14ஆந் திகதி கல்முனையில் ஒப்பமிடப்பட்டது.

ஒப்பம்: க. ஜுனைட்

என் முன்னிலையில்: மீராமுகைதீன், சமாதான நீதவான்

ஒப்பத்துக்குச் சாட்சிகள்:
ஆதம்பாவா முனவ்வறா
கதிர்காமன் சின்னத்தங்கம்